பிராங்க் விட்டில்

சர் பிராங்க் விட்டில் (ஜூன் 1, 1907 – ஆகஸ்ட் 1996) ஒரு பிரித்தானிய வான்படை அதிகாரியும் பொறியியலாளரும் ஆவார். ஜெட் எனப்படும் தாரைப் பொறியைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவராக அறியப்படுகிறார். ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் வான் ஓகைன் இதே காலத்தில் தனித்து இயங்கி இத்தகைய பொறியை உருவாக்கினார்.

இளமையும் கல்வியும்

விட்டில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிறந்தார். தந்தை ஓர் இயந்திரத் தொழிலாளி. வான்படையில் சேர முதலில் விண்ணப்பித்தபோது, உயரம் போதவில்லை என்று நிராகரிக்கப்பட்டார். 1923 இல் தொழில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். 1926 இல் கிரான்வெல் வான்படைக் கல்லூரிக்குத் தெரிவானார்.

1928 இல் அங்கு எழுதிய ஆய்வுரையில், காற்று அடர்த்தி குறைந்த பெரும் உயரங்களில் மிக விரைவாகப் பறக்கும் வானூர்திகளைப் பற்றி ஆராய்ந்தார். அவ்வுயரத்தில் உந்துதண்டுப் பொறியும் சுழல்விசிறியும் திறன் இழந்துவிடும். காற்றை அமுக்கி, எரிபொருளை எரித்து, வெளியேறும் வெப்ப வளிமத்தின் ஒரு பகுதியால் டர்பைன் எனப்படும் சுழலியை இயக்கி, மீதியைத் தாரையாகப் பின்னோக்கிச் செலுத்துவதே இதற்குத் தீர்வு என 1929 இல் கண்டார்.

காப்புரிமையும் புறக்கணிப்பும்

பிரித்தானிய வான் அமைச்சகம் இத்திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது எனக் கருதியது. விட்டில் ஜனவரி 1930 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935 இல் அதைப் புதுப்பிக்க வேண்டிய 5 பவுண்டுக் கட்டணத்தை அமைச்சகம் செலுத்த மறுத்தது. அவரிடமும் பணம் இல்லாமையால் காப்புரிமை காலாவதியானது. 1936 இல் நண்பர்களின் முயற்சியால் பவர் ஜெட்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார்.

தொழில்நுட்பச் சிக்கல்கள்

முதல் பொறி ஏப்ரல் 12, 1937 அன்று ரக்பி நகரில் இயக்கப்பட்டது. எரிபொருளை நிறுத்திய பின்னரும் அதன் வேகம் கட்டுக்கடங்காமல் உயர்ந்தது. எரியறையின் அடியில் தேங்கியிருந்த எரிபொருளே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

பொறியின் தத்துவம் எளியது. அதற்கேற்ற எரியறையும் உலோகமும் கிடைப்பதே அரிதாக இருந்தது. விரைந்து பாயும் காற்றில் சுடர் அணையாமல் சீராக எரிய வேண்டும். எரிபொருளை ஆவியாக்கிய குழாய்கள் கரி படிந்து பழுதடைந்தன. எரிபொருளை நுண்துளிகளாகத் தெளிக்கும் எரியறை 1940 இல் வந்த பின்னரே இச்சிக்கல் தணிந்தது. நிமிடத்துக்கு 16,000 சுற்றுகளுக்கும் மேல் சுழன்ற சுழலியின் அலகுகள் செந்தணல் வெப்பத்தையும் மையவிலக்கு விசையையும் ஒருங்கே தாங்க வேண்டியிருந்தது. சாதாரண எஃகு இதற்குப் போதவில்லை. நிமோனிக் எனப்படும் நிக்கல் கலப்புலோகம் பின்னர் உதவியது. பணப் பற்றாக்குறையால், உடைந்த பாகங்களைச் செப்பனிட்டே சோதனைகள் தொடர்ந்தன.

போர்க்காலம்

ஜூன் 1939 இல் சோதனையை நேரில் கண்ட அமைச்சக அறிவியல் ஆய்வு இயக்குநர் கருத்தை மாற்றிக்கொண்டார். பறக்கத்தக்க பொறிக்கு ஆணை கிடைத்தது. ஆனால் ஓகைனின் பொறி பொருத்தப்பட்ட ஹெய்ன்கெல் 178 வானூர்தி ஆகஸ்ட் 27, 1939 அன்றே பறந்துவிட்டது. விட்டிலின் பொறி கொண்ட குளோஸ்டர் வானூர்தி மே 15, 1941 அன்று கிரான்வெல்லில் 17 நிமிடங்கள் பறந்தது. அப்பொறியின் உந்துவிசை ஏறத்தாழ 860 பவுண்டு. அதே ஆண்டில் ஒரு பொறியும் வரைபடங்களும் ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன.

பெருமளவு உற்பத்தி ரோவர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விட்டிலுக்கும் அந்நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு முற்றியதால் வேலை தாமதமாயிற்று. 1943 இல் ரோல்ஸ் ராய்ஸ் பொறுப்பேற்ற பின் வேகம் கூடியது. குளோஸ்டர் மீட்டியார் போர் வானூர்தி ஜூலை 1944 இல் பணியில் சேர்ந்து, ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகளை எதிர்த்தது. ஓயாத உழைப்பாலும் மன அழுத்தத்தாலும் விட்டிலின் உடல்நலம் பலமுறை குலைந்தது. 1944 இல் பவர் ஜெட்ஸ் நாட்டுடைமையாக்கப்பட்டது.

பிற்காலம்

1948 இல் வான்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் சர் பட்டமும், கண்டுபிடிப்புக்காக 100,000 பவுண்டும் வழங்கப்பட்டன. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினார். 1991 இல் டிரேப்பர் பரிசை ஓகைனுடன் பகிர்ந்துகொண்டார். 1996 இல் மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியாவில் காலமானார். அவரது அஸ்தி கிரான்வெல்லில் வைக்கப்பட்டுள்ளது.