செங்கோட்டை வாஞ்சிநாதன் கைக்கு பெல்ஜியம் துப்பாக்கி வந்தது எப்படி?

தூத்துக்குடிக்கு ரயிலில் போறவங்க வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப்பலகையைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்டேஷன் அது. சுட்டவர் வனத்துறையில் வேலை பார்த்த ஓர் இளைஞர். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தது?

யார் இந்த வாஞ்சி?

1886-ல் செங்கோட்டையில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். அப்பா ரகுபதி ஐயர், அம்மா ருக்மணி அம்மாள், மனைவி பொன்னம்மாள். குற்றாலம், வடகரை எல்லாம் பக்கத்து ஊர்கள்தான். ஆனா அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. மலைக்கு அந்தப்பக்கம் புனலூரில் அவருக்கு வேலை.

ஆஷ் மேல் என்ன கோபம்?

வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பெரிய பங்கு உண்டு என்று சுதேசி இயக்கத்தினர் நம்பினர். 1908-ல் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போது ஆஷ் தூத்துக்குடியில் அதிகாரி. அந்தச் சூட்டில்தான் நீலகண்ட பிரம்மச்சாரி உருவாக்கிய ரகசிய சங்கத்தில் வாஞ்சி சேர்ந்தார்.

துப்பாக்கி எங்கிருந்து?

1878 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனா பாண்டிச்சேரி பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் சட்டம் அங்கே செல்லாது. லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் அங்கேதான் இருந்தார். அவரிடம் வாஞ்சி சுடப் பழகியதாகப் பதிவுகள் சொல்கின்றன.

அந்த பிஸ்டலில் என்ன விசேஷம்?

அது செமி ஆட்டோமேட்டிக். ஒரு குண்டு வெடிக்கும் விசையிலேயே மேல்பகுதி பின்னால் போய், காலி உறையைத் தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பிஸ்டல் தோட்டாவுக்கு அழுத்தம் குறைவு என்பதால் இந்த எளிய அமைப்பே போதும். ரைஃபிளுக்கு இது எடுபடாது. ஜெர்மனியே இரண்டாம் உலகப்போரில் ஜி-41 ரைஃபிளோடு திணறியது; குழல் முனையில் வாயுவைப் பிடிக்கும் அமைப்பில் அழுக்கு அடைத்துக்கொண்டது. சோவியத் டோகரேவ் ரைஃபிளைப் பார்த்து, குழலில் துளை போட்டு வாயுவை எடுத்த ஜி-43 வந்த பிறகுதான் நிலைமை சரியானது. ஆனா சட்டைக்குள் மறைக்கிற அளவில், 1911-லேயே அப்படியொரு ஆயுதம் வாஞ்சி கைக்கு வந்துவிட்டது.

மணியாச்சியில் நடந்தது என்ன?

ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பியிருந்தார். ரயில் நின்றிருந்தபோது பெட்டிக்குள் ஏறிய வாஞ்சி அவரைச் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயசு சுமார் 25.

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடும் நேரத்தில் விடுக்கும் எச்சரிக்கை இது என்றும், ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். அவரை இயக்கியது நாட்டுப்பற்றா, சாதி-மத உணர்வா என்ற விவாதம் இன்னும் ஓயாததற்குக் காரணமே இந்தக் கடிதம்தான்.

அப்புறம்?

வழக்கில் 14 பேர் சிக்கினர். நீலகண்டருக்கு 7 வருஷம், வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம் சிறை. சங்கம் சிதறியது. தோட்டாவை ஏற்றுகிற வேலையை அந்த பிஸ்டல் தானே பார்த்துக்கொண்டது. ஆனா வாஞ்சிக்கு அடுத்து அதை எடுக்க சங்கத்தில் ஆள் இல்லை.