தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு தந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்

வைப்பின் தீவில் இருந்து கோஸ்ரீ பாலங்களைத் தாண்டி எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர். அவர்கள் ஏறும் பஸ்சின் பின்சக்கரங்களில் ஓடுவது பல நேரம் புது டயர் அல்ல. தேய்ந்து போனபின் புது ரப்பர் போட்ட டயர்.

இப்படி ஒரு பொருளை வீணாக்காமல் முழுப் பயனும் பெறுவதைத் தென்னாட்டு மோட்டார் தொழிலில் ஒரு வழக்கமாகவே ஆக்கியவர், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

வேலையை விட்டார்

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தார். சட்டம் படித்து வக்கீலானார். பிறகு ரயில்வேயிலும், பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தார். மாதச் சம்பளம் நிச்சயம் என்ற நிலையை உதறிவிட்டு, 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டே பஸ் விட்டார். மதுரை அவருடைய தொழிலின் தலைமை இடமாயிற்று.

அப்போது ரோடுகளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமே அதிகம். லாடத்தில் இருந்து கழன்று விழும் ஆணிகள் பஸ் டயரைக் குத்திக் கிழித்தன. காந்தம் பொருத்திய வண்டியை ரோட்டில் ஓட்டி, ஆணிகளை அள்ள ஏற்பாடு செய்தார் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்வது உண்டு. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்ற பேச்சும் அந்த நாளில் இருந்தது.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942-ல் மலேயாவும் பர்மாவும் ஜப்பான் கைக்குப் போயின. பர்மா எண்ணெய் நின்றது. மலேயா ரப்பரும் நின்றது. திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் விளைந்த ரப்பருக்கு யுத்தத் தேவையே முதல் உரிமை. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றால் ஆலைத் தொழிலாளி முதல் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லோர் பிழைப்பும் நிற்கும்.

சுந்தரம் அய்யங்கார் சோர்ந்து உட்காரவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கருவியைத் தயாரித்தார்.

ஒரு பெரிய உருளையில் மரக்கரி எரியும். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுதாக எரியாமல், தீப்பற்றக் கூடிய வாயுவைத் தரும். தூசியும் சாம்பலும் போக அதை வடிகட்டி, என்ஜினுக்கு அனுப்புவார்கள்.

கஷ்டங்களும் இருந்தன. வண்டியைக் கிளப்ப நேரம் பிடித்தது. மேடு வந்தால் என்ஜின் திணறியது. சாம்பலை அள்ளி அள்ளி டிரைவரின் சட்டை கறுத்தது. ஆனால் பஸ் ஓடியது.

நிலைத்து நின்றது

டயர் ரீட்ரெடிங் ஆலையையும் அவர் நிறுவினார். டயரில் முதலில் தேய்வது தரையைத் தொடும் மேல் ரப்பர்தான். அடிக்கூடு உறுதியாகவே இருக்கும். பழைய மேற்புறத்தைச் சீவி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் டயர் மீண்டும் ஓடும். புது டயருக்கு வேண்டிய ரப்பரில் ஒரு பங்கே போதும். ஒரே நிபந்தனை: உள்நூல் தெரியும் வரை ஓட்டக்கூடாது. காலத்தில் கழற்றினால் மறுவாழ்வு, பேராசைப்பட்டால் குப்பைதான்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிவாயு பஸ்கள் மறைந்தன. மரத்தை வெட்டிக் கரியாக்கும் அந்த வழி, ஆபத்துக் காலத்துக்கு மட்டுமே உதவியது. ரீட்ரெடிங் அப்படி மறையவில்லை. பஞ்சத்திலும் லாபம், செழிப்பிலும் லாபம் என்பதால் நிலைத்தது.

தலைமுறை தாண்டி

சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரலில் கோடைக்கானலில் காலமானார். அவர் நடத்திய பஸ்களை 1972-ல் தமிழக அரசு ஏற்று, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைத்தது. அவர் குடும்பத்தார் 1960-களில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலைகளைத் தொடங்கினர்.

அவற்றில் ஒன்று சென்னை பாடியில் அமைந்த சுந்தரம் கிளேட்டன். அதன் பிரேக் பிரிவுக்கு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. முதலிலேயே சரியாகச் செய் என்பது அந்தப் பரிசின் பின்னால் உள்ள பாடம். பழுதாக வார்த்த ஒரு பாகத்தைத் தூக்கி எறியும்போது இரும்போடு மின்சாரமும், தொழிலாளியின் வியர்வையும் சேர்ந்தே போகின்றன.

ரோட்டில் கிடந்த ஆணியில் தொடங்கிய கவனம் அது. சிக்கனம் என்பது கஞ்சத்தனம் அல்ல. வண்டி நடுவழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது என்பதே சுந்தரம் அய்யங்கார் வாழ்ந்து காட்டிய பாடம்.