தங்கைக்கு வந்த நோய், தமிழ்நாட்டுக்கு ஒரு மருத்துவமனை: யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் பெயரை நாம எல்லோருமே கேட்டிருப்போம். டெல்டாவிலிருந்து ரிப்போர்ட் ஃபைலோடு அங்கே ரயிலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர். அதை உருவாக்கியவரும் தஞ்சாவூருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி.

1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். ஆனா தன் தங்கையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது ரொம்பத் தாமதம். 1923-ல் தங்கை இறந்தார்.

அந்தக் கட்டியை அகற்றும் ஆபரேஷனை லண்டன் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-லேயே எழுதிவிட்டார். ஆனா நோய் பரவிட்டா, கத்தி மட்டும் போதாது.

1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார் முத்துலட்சுமி. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். தங்கையின் முடிவை மட்டும் மறக்கவில்லை. புற்றுநோய்க்கென தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் பொதுமேடையில் சொன்னார். அது நடக்க இன்னும் 19 வருஷம் ஆனது.

1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. சர்ஜனாகப் பொறுப்பேற்றவர் மகன் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா சேர்ந்தார். முத்துலட்சுமி 1968-ல் மறைந்தார்.

இன்று மலக்குடல் கட்டி பெரிதாக இருந்தால், கதிர்வீச்சு, கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பும் அதிகம்.

அதனால மலத்தில் ரத்தம் வந்தா, மூலம்தான்னு நாமே முடிவு பண்ணிடாம டாக்டரைப் பார்ப்போம்.