இரு பெரும் போர்களுக்கிடையே ஐடா அம்மையார்

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டைக் கடந்து செல்வோர் பலர். அதில் பதித்துள்ள கல்வெட்டை நின்று படிப்போர் சிலர். 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் துறந்தனர் என்றும் அக்கல் அறிவிக்கிறது. போரில் மாண்டவரைக் கல்லில் நிறுத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆம்பூரில் ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரர்க்கு நிருபதுங்க பல்லவன் காலத்திலேயே நடுகல் எடுத்திருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில் இன்னொரு கல்லும் உண்டு. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் நாட்டப்படும் சுமைதாங்கிக்கல் அது. வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவர். இறக்க முடியாத சுமையோடு மாண்டவளின் ஆவி அதனால் அமைதியுறும் என்பது நம்பிக்கை. நடுகல்லைப் பாடிய புலவர் பலர். சுமைதாங்கிக்கல்லைப் பாடியவர் அரியர். அந்த இரண்டாம் வகைக் கல்லை இனி நாட்ட வேண்டாத நிலையை உண்டாக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் பணியின் திருப்பங்கள் இரண்டு உலகப் போர்களின் திருப்பங்களோடு பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் மறுப்பும்

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து பணியாற்றிய மருத்துவ ஊழியர். தந்தையும் அவ்வழி நின்றவர். ஐடாவின் குழந்தைப் பருவத்தில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பசியால் சுருண்ட தம் வயதுக் குழந்தைகளைக் கண்ட அச்சிறுமியின் உள்ளத்தில் இரக்கத்தோடு அச்சமும் பதிந்தது. வளர்ந்து அமெரிக்காவில் கல்வி பயின்றபோது, முன்னோர் வழியில் இந்தியாவுக்கு வந்து உழைப்பதில்லை என்றே அவர் முடிவு செய்திருந்தார்.

நோயுற்ற தாயைப் பேணுவதற்காக அவர் 1890-இல் திண்டிவனத்திற்கு வந்தார். அங்கு ஓரிரவு நடந்ததை வேலூரில் அறியாதார் இல்லை. வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த ஆடவர் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருக்கும் தம் மனைவியைக் காக்குமாறு வேண்டினர். மருத்துவம் அறியாத இளம்பெண் ஐடா, தம் தந்தையை அனுப்புவதாகக் கூறினார். அயலான் ஒருவன் தம் மனைவியைத் தொடுவதற்கு மூவருமே உடன்படவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று வருவது என்று ஐடா அன்று முடிவு செய்தார்.

ஃபிலடெல்ஃபியாவிலும் பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரோடு 1900-இல் வேலூர் வந்து, தம் இல்லத்தின் ஓர் அறையில் ஒற்றைக் கட்டிலோடு பணி தொடங்கினார். 1902-இல் அந்நன்கொடையைக் கொண்டு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி பிறந்தது. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியை நிறுத்தி, மரநிழலில் நோயாளரைப் பார்க்கும் சாலையோர மருத்துவமும் அக்காலத்தில் தோன்றியதே.

முதற்போரும் முதல் வகுப்பும்

ஒரு கை எத்தனை பேரைக் காக்கும்? தம்மைப்போல் நூறு பெண் மருத்துவர் இம்மண்ணிலிருந்தே எழவேண்டும் என்னும் எண்ணம் அம்மையாருக்கு வலுத்து வந்த வேளையில் உலகப் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. பிரான்சில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியப் படை தடுக்கப்பட்டதும் அதே மாதந்தான். விரைவில் முடியும் என்று எண்ணிய போர் பதுங்குகுழிப் போராக மாறி நீண்டது.

நீண்ட போருக்கு நீண்ட நடை வேண்டும். நடைக்குக் காலணி வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் பகுதி மாட்டுத்தோல் பிரிட்டிஷ் படையினரின் காலணிக்கு மேல்தோலாயிற்று. 1916 முதல் அரசே அத்தோலை விலை வகுத்து வாங்கிக்கொண்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத் தொழிலுக்குப் போர் ஒரு பெருஞ்சந்தையைத் திறந்தது. பாலாற்று நீரில் ஊறிய தோல், ஃபிளாண்டர்ஸ் சேற்றில் நடந்தது எனலாம்.

தோல் மட்டுமன்றி மருத்துவரும் போருக்குச் சென்றனர். சென்னை மாகாண மக்களின் நன்கொடையால் மதராஸ் என்னும் பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பல் கடலில் இறங்கியது. மெசபொத்தேமியாவில் 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரம் துருக்கியரிடம் பணிந்தபோது, இந்திய வீரர் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டனர். காயமுற்றோர் உரிய மருத்துவ உதவியின்றி மடிந்த செய்தி, விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு இங்கிலாந்தையே உலுக்கிற்று. மருந்தும் மருத்துவரும் இல்லாத இடத்தில் வீரமும் வீணாகும் என்பதே கூட் கற்பித்த பாடம். திண்டிவனத்து இரவு அம்மையாருக்கு அப்பாடத்தை முன்னரே கற்பித்திருந்தது.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கோரி அவர் அரசை அணுகினார். மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன், மாணவியர் சேருவரோ, சேர்ந்தாலும் தேறுவரோ என்ற ஐயத்தோடுதான் இசைவு தந்தார். பள்ளி 1918 ஆகஸ்ட் 12 அன்று திறக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 8 அன்று, பிரான்சின் அமியான் நகரருகே நேச நாட்டுப் படைகள் ஜெர்மானிய அணியை உடைத்தன. நூறு நாளில் போரை முடித்துவைத்த பெருந்தாக்குதலின் தொடக்கம் அது. உலக வரலாறு அமியானைக் குறித்துக்கொண்டது. வேலூரில் சில பெண்கள் உடற்கூற்று நூலைப் பிரித்ததை அது குறிக்கவில்லை.

போர் ஓயும் முன்னரே விஷக்காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். எல்லா நாட்டுப் போர்க்களங்களிலும் மாண்ட வீரரின் தொகையைவிட இது மிகுதி என்பது ஆய்வாளர் மதிப்பீடு. மருத்துவப் பள்ளி ஏன் வேண்டும் என்று வினவியோருக்கு அவ்வாண்டே விடை தந்தது. முதலாண்டு அரசுத் தேர்வில் மாகாணத்து ஆடவர் பலர் தவறியபோது, வேலூர் மாணவியர் பதினால்வரும் தேறினர். 1922-இல் 14 பெண்கள் மருத்துவராக வெளிவந்தனர். போருக்குச் சென்று மீளாதோர் என மணிக்கூண்டு சொல்லும் தொகையும் 14. இது தற்செயலே; ஆயினும் கவிஞர் கண்ணுக்குத் தப்பலாகாத தற்செயல்.

இடைக்கால அமைதியும் இரண்டாம் சோதனையும்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பணி பெருகியது. கீழை நாட்டுப் பெண் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் லூசி பீபாடி அம்மையார் தலைமையில் பெருநிதி திரட்டினர். 20 லட்சம் டாலரை அவர்கள் சேர்த்தால் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் நிதியம் ஏற்றது. தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1932-இல் கல்லூரி பாகாயம் மலையடிவாரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1928-இல் காந்தியடிகள் வந்து கண்டு சென்றார்.

அடுத்து வந்த சோதனையை உண்டாக்கியவர் பகைவர் அல்லர். 1938 அளவில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்பை ஒழித்துப் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றையே மருத்துவக் கல்வியாக்க முடிவு செய்தது. நாட்டு மக்களுக்குத் தாழ்ந்த தர மருத்துவர் போதும் என்ற நிலை மாறவேண்டும் என்பது நியாயமான கொள்கையே. ஆனால் வேலூர்ப் பள்ளிக்கோ அது தூக்குக் கயிறாகத் தோன்றியது. பட்டக் கல்லூரியாக உயர வேண்டுமெனில் படுக்கைகள் பெருக வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர் பலர் வேண்டும், அனைத்திற்கும் பெரும்பணம் வேண்டும். உலகில் பணமும் கப்பலும் பேராசிரியரும் போருக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. 1941-இல், எழுபதைக் கடந்த ஐடா அம்மையார், நிதி வேண்டி அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று ஜப்பான் பெர்ல் துறைமுகத்தைத் தாக்க, அமெரிக்காவும் போரில் இறங்கியது. போருக்கு வரியும் கடன் பத்திரமும் கொடுத்துக்கொண்டிருந்த மக்களிடம், தொலைதூர ஊர் ஒன்றின் பெண்களுக்காக அம்மூதாட்டி கையேந்தினார்.

இங்கோ போர் வாசலுக்கே வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் கைமாறியது. பர்மாவிலிருந்து தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பலர். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னையின் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு இரயிலேறினர். அத்தகைய 1942-ஆம் ஆண்டில்தான், எம்.பி.,பி.எஸ். வகுப்பு நடத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைவு வேலூருக்குக் கிட்டியது.

அதற்குப் பின்னும் உள்ளே ஒரு போர் நடந்தது. பட்டக் கல்லூரியைத் தாங்கும் வலிமை பெண் அமைப்புகளுக்கு மட்டும் இல்லை; ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் எல்லாத் திருச்சபைகளும் தோள் கொடுக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்றே தொடங்கியதைப் பெண்களுக்கென்றே காக்கவேண்டும் என்று லூசி பீபாடி உறுதியாக நின்றார். அவர் அம்மையாரின் நெடுநாள் தோழி. கல்லூரியின் சுவர்களை எழுப்பிய கைகளுள் ஒன்று அவருடையது. கொள்கையையும் நட்பையும் காத்துக் கல்லூரியை இழப்பதா, கல்லூரியைக் காத்து அவ்விரண்டிலும் காயம் படுவதா என்பதே கேள்வி. அம்மையார் இரண்டாவதைத் தேர்ந்தார். நட்பு முறிந்தது. அவர் தேர்வு சரியா என்று இன்றும் வாதிடலாம். அதற்கு அவர் கொடுத்த விலையை மறுக்க இயலாது.

போரின் திருப்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1942 ஜூனில் மிட்வே தீவருகே ஜப்பானியக் கடற்படையின் முதுகெலும்பு முறிந்தது. வங்கக் கடலில் இருந்த அச்சமும் மெல்லத் தணியலாயிற்று. நவம்பரில் எகிப்தின் எல் அலமைனில் ரோமலின் படை பின்வாங்கியது. 1943 பிப்ரவரி 2 அன்று ஸ்டாலின்கிராடில் எஞ்சிய ஜெர்மானியப் படை சரணடைந்தது. 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியர் தடுக்கப்பட்டனர். பிரிட்டிஷ் படையில் இந்தியரும், மறுபுறம் நேதாஜியின் படையில் இந்தியரும் நின்ற களம் அது. தென்கிழக்காசியத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஐடா அம்மையார் பொறுப்புகளைத் துறந்து கோடைக்கானல் சென்றார். 1947-இல் ஆடவர் பதின்மர் முதன்முறையாகச் சேர்ந்தனர். தலைமைப் பொறுப்பு இந்தியப் பெண்மணி ஒருவரிடம் சென்றது. அவர் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் பணியில் லெஃப்டினன்ட் கர்னல் நிலை எய்தியவர். அமைதிக் காலத்தில் பால் பிராண்ட் போன்ற அறுவை மருத்துவர் வேலூர் வந்தனர். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தியதோடு, உணர்ச்சியற்ற பாதங்களுக்கேற்ற காலணியையும் பிராண்ட் ஆராய்ந்தார். படைவீரர் காலணிக்குத் தோல் தந்த வட்டாரம், நடக்க முடியாதோர் காலணிக்கும் இடமானது.

ஐடா அம்மையார் 1960 மே மாதம், தம் 89-ஆம் வயதில், கோடைக்கானலில் இயற்கை எய்தினார். வேலூர் மண்ணிலேயே அடக்கமானார்.

அவர் தம் சமயத்தைப் பரப்ப வந்த மரபினர். அம்மரபு அந்நிய ஆட்சியின் நிழலில் வளர்ந்தது. இவ்விரண்டையும் மறைத்து அவரைப் போற்ற வேண்டுவதில்லை. அவற்றை அறிந்த பின்னும், மூன்று பெண்களின் இறப்புக்குத் தாமே கணக்குச் சொல்ல வேண்டியவர்போல் எழுபதாண்டுக் காலம் வாழ்ந்த ஒருவர் எஞ்சி நிற்கிறார்.

நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டு நிறைவை எய்தும் இவ்வேளையில், உறுப்பினர்களான கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். போர் பாடும் மரபு நமக்குப் புறநானூற்றிலிருந்தே உண்டு. அதில் குறை வைக்க வேண்டா. ஆயினும் அமியானும் ஸ்டாலின்கிராடும் எங்கோ நிகழ்ந்த நாள்களில், காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே எந்தெந்த வீட்டில் எந்தத் தாய் பிழைத்தாள் என்பதும் வரலாறுதான். வெற்றி பெற்ற படைகளுக்குத் தூண்கள் உண்டு. ஐடா அம்மையாரின் வெற்றிக்குச் சான்று, நாட்டப்படாமற்போன சுமைதாங்கிக் கற்களே.