பதிவேட்டில் குறையும் உயிரின் மதிப்பு: தொழிலாளர் இழப்பீடும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்றே கல்லூரிகள் கற்பிக்கின்றன. 1942 சூலை முதல் 1946 சூன் வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்ததை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. குமரி மாவட்டத்தின் செங்கல் சூளையிலும், அண்டி ஆபீசிலும், கட்டடச் சாரத்திலும் விபத்து நேரும்போதெல்லாம் நமக்குத் தேவைப்படுவது அந்த நான்காண்டு வரலாறே.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் அவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின் பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் வளர்ந்தார். சுற்றிலும் பஞ்சாலைத் தொழிலாளர்கள். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, பாரிஸ்டராக அவர் பம்பாய் திரும்பிய ஆண்டு 1923. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அதுவரை, காயமடைந்த தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். உடன் வேலை செய்தவரின் தவறு என்று சொல்லி முதலாளி தப்பிக்கவும் வழி இருந்தது. புதிய சட்டம் அந்தக் கேள்வியையே பெருமளவு அகற்றியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தா என்பதே இப்போது முதன்மையான கேள்வி. ஆகவே, இழப்பீடு கேட்பது முதலாளியைக் குற்றவாளி என்று சொல்வதாகாது. தொழிலாளரும் முதலாளிகளும் இன்றுவரை சரியாக உள்வாங்காத செய்தி இது.

ஆனால் அச்சட்டம் தொகையைக் கூலியின் அடிப்படையில் கணக்கிட்டது. கூலியைத் தீர்மானித்ததில் சாதிக்கும் பங்கு இருந்தது. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவே கூடுதல் கூலி தந்தது. நாடாவில் நூலைக் கோக்க நெசவாளர் வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். தீண்டப்படாதோர் வாய் வைத்ததில் தாம் வாய் வைப்பதா என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் அவர்களை அப்பிரிவுக்குள் விடவில்லை. 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது இத்தடையை நீக்குவதையும் கோரிக்கையாக்க வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வற்புறுத்தினார். இதைத் தொழிலாளர் ஒற்றுமையைக் குலைத்த செயல் என்று குறை கூறுவோர் இன்றும் உண்டு. எங்கள் பார்வையில் அது கணக்கைச் சரியாகப் பார்த்தவரின் செயல். உயிரோடு இருக்கும்போது மறுக்கப்பட்ட கூலி, இறந்த பின் இழப்பீட்டிலும் மறுக்கப்படுகிறது.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. மரணத்திற்கான இழப்பீடு என்பது மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கிவரும் தொகை. 2020 சனவரி முதல் கணக்கில் கொள்ளும் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வயது முடிந்தவருக்குக் காரணி 207.98. மாதம் 15,000 ரூபாய் பெற்ற கொத்தனாரின் குடும்பத்திற்கு 15,59,850 ரூபாய் வர வேண்டும். பதிவேட்டில் 6,000 என்று எழுதியிருந்து, அதை நாம் மறுத்து நிறுவத் தவறினால் 6,23,940 ரூபாய் மட்டுமே.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமையினரோடு கைகோத்தார். ஆட்சிப் பொறுப்பு வந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது. சப்பானிய விமானங்கள் 1942-இல் விசாகப்பட்டினத்தையும் கல்கத்தாவையும் தாக்கின. குண்டுவீச்சில் காயமுறும் தொழிலாளிக்கு அரசு தந்த நிவாரணம் போதாது என்பதால், 1943-இல் போர்க்காய இழப்பீட்டுக் காப்பீட்டுச் சட்டத்தை அவர் கொண்டுவந்தார். நிவாரணத்திற்கு மேலாக முதலாளியும் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பொறுப்புக்காக முன்கூட்டியே காப்பீடும் செய்தாக வேண்டும். நம் நோக்கில் இந்த இரண்டாவது விதியே முதன்மையானது. முதலாளி நொடித்துப் போனால் தீர்ப்பு வெறும் தாள்தான். 1923-இன் சட்டமோ காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை.

1946-இல் சட்டத்தின் பாதுகாப்பு பெறுவோரின் ஊதிய வரம்பு 300 ரூபாயிலிருந்து 400 ரூபாயாக உயர்ந்தது. அவருடைய துறைக் காலத்தில் 1944-இல் அடார்கர் அளித்த அறிக்கையே, செகசீவன்ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமாக உருவெடுத்தது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் இடங்கள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. நம் மாவட்டத்தின் சிறு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர் பழைய இழப்பீட்டுச் சட்டத்தையே நம்பியிருந்தார். அச்சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கிவிட்டது. அத்தகைய ஒப்பந்தக்காரர் ஓர் ஆண்டுக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தவணை, ஒரு மரணத்தில் அவர் விற்க நேரும் வீட்டைக் காக்கும். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி முதன்மை முதலாளி விலகிக்கொள்ளவும் முடியாது.

1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த மாதம் 6 அன்று அம்பேத்கர் மறைந்தார். சவக்கிடங்கு வாசலில் பேசி முடிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் மறையவில்லை. சாதித் தலைவர் ஒருவர் நடுவில் நிற்க, ஐம்பதாயிரமோ ஒரு இலட்சமோ கொடுத்து வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்குகிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மரண இழப்பீட்டை அதிகாரியிடம் வைப்பாகச் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது, முன்பணமாக அனுமதிக்கப்பட்ட பகுதி நீங்கலாக, இழப்பீட்டில் சேராது. ஒரு மாதத்திற்கு மேல் தாமதித்தால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமில்லையெனில் தொகையில் பாதிவரை தண்டமும் சேரும். கையொப்பமிட்டுவிட்டோமே என்று வீட்டில் முடங்கியிருக்கும் குடும்பங்கள் மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் மனுச் செய்யலாம்.