எண்ணூர் போற வழியில் ஒரு இத்தாலிக்காரர்: யார் இந்த வீரமாமுனிவர்?

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் திருவொற்றியூர் ‘தேரடி’ என்ற பெயரை ஒரு நொடியில் படித்துவிடுவார்கள். 300 வருஷத்துக்கு முன்னால் அது அவ்வளவு சுலபம் இல்லை. அப்போது எகரம், ஒகரத்தின் மேல் புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழிஞ்சிடும் என்று பலரும் வைக்காமலே விட்டுடுவாங்க. எழுதியிருப்பது எரியா, ஏரியா? படிக்கிறவர்தான் யூகிக்கணும்.

நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்த பெருமை, இத்தாலியில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கிக்குத் தரப்படுகிறது. நமக்கு அவர் வீரமாமுனிவர்.

இயேசு சபைத் துறவியான இவர் 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, மதுரை மிஷனுக்கு வந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்தார். மதம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் கைவைத்த இடமெல்லாம் புதுசா ஏதாவது செய்து பார்த்தார்.

அதுவரை சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் பண்ணியிருக்கணும். இவரது ‘சதுரகராதி’ (1732) சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. சூசையப்பரைப் பாட 3,615 பாடல்களில் ‘தேம்பாவணி’ எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். காமத்துப்பாலைத் தொடவில்லை, துறவியாச்சே!

பேச்சுத் தமிழையும் அவர் ஒதுக்கவில்லை. அதற்குத் தனியாக ‘கொடுந்தமிழ்’ இலக்கணம் எழுதினார். 1738-ல் அதை அச்சிட்டது தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபை அச்சகம். அந்தச் சபையை எதிர்த்து நூல் எழுதியவரும் இவரே என்பதுதான் வேடிக்கை.

ஆற்றைக் கடந்து வந்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருத்தனைக் காணோமே என்று அழுகிற கூட்டம் ஞாபகம் இருக்கா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு அலையும் அந்தப் ‘பரமார்த்த குருவின் கதை’யும் இவர் எழுதியதே. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், சிரிக்க வைக்கும் உரைநடை. ஆனால் அச்சில் அதை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்து 70 வருஷத்துக்கு மேல் கழித்து, 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார், லண்டனில்.