கியூஜிஐஎஸ் திறக்கும் முன் லாம்டனைப் பாருங்க

ப்ராஜெக்ட்டுக்காக ஒரு பழைய டோபோஷீட்டை கியூஜிஐஎஸ்ல ஜியோரெஃபரன்ஸ் பண்ணினேன். ஏரிக்கரை போய் ரோட்டு நடுவுல உட்கார்ந்துச்சு. ஏன்னு தேடினப்பதான் வில்லியம் லாம்டன் கிடைச்சார்.

லாம்டன் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1799-ல் திப்புவுக்கு எதிரான போரில் இருந்தவர். போர் முடிந்ததும், தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரலில், நம்ம பரங்கிமலைப் பக்கம் ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர் பேஸ்லைன், கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீளுமே, அதற்காக தெர்மாமீட்டர் வைத்துத் திருத்தினார். ஒரே ஒரு கோட்டுக்கு வாரக்கணக்கில் உழைப்பு!

அதோட விடலை. பெங்களூர் பக்கம் இன்னொரு பேஸ்லைனை நேரடியாக அளந்து, முக்கோணக் கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். சில அங்குலம்தான் வித்தியாசம்.

நான் செஞ்சது என்ன தெரியுமா? மூணே மூணு கன்ட்ரோல் பாயின்ட். பிழை பூஜ்ஜியம்னு காட்டுச்சு, சந்தோஷப்பட்டேன். பாலினோமியல் 1-க்கு மூணு புள்ளி வச்சா எப்பவும் பூஜ்ஜியம்தாங்க வரும்! நீங்க எட்டாவது வைங்க, நாலு மூலையிலும் நடுவிலும். ரெண்டைக் கணக்கில் சேர்க்காம வச்சு, கடைசியில் சரிபாருங்க.

1808-ல் தஞ்சாவூர். அரை டன் தியோடலைட்டைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் லண்டனுக்கு ஆர்டர் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க. லாம்டன் கூடாரத்துக்குள்ள அடைஞ்சு, சுமார் ஆறு வாரம், தன் கையாலேயே நெளிவெடுத்தார். அதே கருவியோட வேலை தொடர்ந்தது.

1823 ஜனவரியில், நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். கடைசி வரைக்கும் அளந்துகிட்டேதான் இருந்தார். பிறகு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ரெண்டு பேர் அளவுகளிலிருந்து பிறந்ததுதான் எவரெஸ்ட் 1830 எலிப்சாய்டு. நம்ம பழைய டோபோஷீட் எல்லாம் அதுலதான் இருக்கு. ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சா, சென்னையில நூறு மீட்டருக்கு மேல தள்ளிப் போகும். என் ஏரி போனதும் அப்படித்தான்.

அதனால ஷீட்டை கல்யாண்பூர் 1975-ன்னு சொல்லி ஏத்துங்க. அப்புறம் 'வார்ப்' பண்ணி மாத்துங்க. 'செட் லேயர் சிஆர்எஸ்' பெயரை மட்டும்தான் மாத்தும், புள்ளியை நகர்த்தாது. சென்னையில பரப்பளவு வேணும்னா யூடிஎம் 44 வடக்கு.

என் ஏரி இப்போ ரோட்டை விட்டு இறங்கிடுச்சு.